பள்ளிப் பையில் ஒரு கைபேசி

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவின் முழங்கால் வலி பழையபடியே இருக்கிறது. அதைத் தவிர இங்கே வேறு செய்தி இல்லை.

பிள்ளைகள் பள்ளிக்குக் கைபேசி கொண்டுவரலாமா என்று பெற்றோரிடம் கருத்துக் கேட்டார்களாம். கொண்டுவரலாம் என்று நீ எழுதிக் கொடுத்துவிட்டதாக ஞாயிற்றுக்கிழமை உன் பெரியவள் சொன்னாள். 31 ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். போகட்டும், யாரையும் கேட்காமல் முடிவெடுத்து அதை நடத்தியும் காட்டுபவள் நீ. அந்தப் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்ற பேச்சு எழும்போதெல்லாம் உன் அம்மா என்னைத்தான் பார்க்கிறாள்.

கைபேசியைப் பையின் அடியில் வைத்திருந்தால் யாருக்கு என்ன தொல்லை என்பாய். ஒருமுறை கவனம் சிதறிய மாணவர் பாடத்துக்கு முழுமையாகத் திரும்ப 20 நிமிடங்கள் வரை ஆகலாம் என்று யுனெஸ்கோவின் 2023ஆம் ஆண்டு அறிக்கை குறிப்பிடுகிறது. அப்படியானால் ஓர் அதிர்வொலியிலேயே பாடவேளையில் பாதி போய்விடும். பிரான்சில் 2018ஆம் ஆண்டிலேயே ஏறத்தாழ 15 வயது வரையுள்ள மாணவர்களுக்குப் பள்ளியில் கைபேசியைச் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். இங்கிலாந்துப் பள்ளிகளைப் பற்றி 2016இல் வெளியான ஓர் ஆய்வின்படி, தடைக்குப் பின் மதிப்பெண் உயர்ந்தது பெரும்பாலும் பின்தங்கிய மாணவர்களுக்குத்தான். நன்றாகப் படிப்பவர்களிடம் பெரிய மாற்றம் இல்லை. பெரியவள் நன்றாகப் படிப்பவள் ஆயிற்றே என்று நீ சொல்வாய். கணக்கில் அவள் இப்போது எப்படி இருக்கிறாள் என்று கடைசியாக எப்போது பார்த்தாய்?

மறுபக்கத்தையும் மறைக்கவில்லை. பள்ளியில் தடுத்தால் மட்டும் பிள்ளைகளின் மனநலம் மேம்பட்டுவிடவில்லை, ஒரு நாளில் கைபேசியோடு கழிக்கும் மொத்த நேரமும் குறைந்துவிடவில்லை என்று 2025இல் இன்னோர் ஆய்வு வந்தது. வீட்டில் கிடைக்காதது எதுவோ அதைத்தான் பிள்ளைகள் அதில் தேடுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. இதை உன்னைக் குறித்து எழுதவில்லை.

அவசரத்துக்கு வேண்டும் என்கிறாய். பள்ளி அலுவலகத்தில் தொலைபேசி இருக்கிறது, சேதி சொன்னால் வகுப்புக்கு ஆள் அனுப்புவார்கள். அதுவும் போதாது என்றால் இணையம் இல்லாத சாதாரணப் பொத்தான் கைபேசி ஒன்றை வாங்கிக் கொடு. காலையில் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு மாலையில் வாங்கிக்கொள்ளட்டும். பையில் மட்டும் வேண்டாம். மாலையில் அழைத்துப்போக அம்மா வருவாளா அப்பா வருவாரா என்பது பள்ளி விடும்வரை தெரியாது, அதனால்தான் கைபேசி வேண்டும் என்று பெரியவள் சர்வ சாதாரணமாகச் சொன்னாள். நான் மேலே எதுவும் கேட்கவில்லை. மாப்பிள்ளைக்கு வேலை அதிகம் என்று நானே உன் அம்மாவிடம் சொல்லிக்கொண்டேன். ஆனாலும் பையில் வேண்டாம்.

இவ்வளவு எழுதியபின் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் தவறு. சென்ற செவ்வாய்க்கிழமை பாடவேளையில் அவள் கைபேசி ஒலித்து, ஆசிரியர் அதை வாங்கி வைத்து, நீ வேலையை விட்டுப் போய்க் கையெழுத்திட்டு மீட்டு வந்தாயே, அந்த அழைப்பு என்னுடையது. யார் அழைத்தது என்று குழந்தை உன்னிடமும் சொல்லவில்லை, ஆசிரியரிடமும் சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. அது வகுப்பு நேரம் என்பது எனக்குத் தெரியும். என் வகுப்பில் அப்படி ஒலித்திருந்தால் அந்தப் பிள்ளையை நான் என்ன செய்திருப்பேன் என்பது உனக்கும் தெரியும். மூன்று வாரங்களாக நீ எடுக்கவில்லை. வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று, உன்னிடம் கேட்கத் துணிவில்லாமல், 13 வயதுக் குழந்தையிடம் கேட்கப் பார்த்தேன்.

இனிப் பள்ளி வேளையில் அழைக்க மாட்டேன். மாலையில் யார் வருவார்கள் என்பதைக் காலையிலேயே அவளிடம் சொல்லி அனுப்பு. அது முடியாத நிலை என்றால் எழுது, நானும் அம்மாவும் வந்து சில மாதம் இருக்கிறோம். அவளைப் பள்ளி வாசலிலிருந்து அழைத்துவர எனக்கு இன்னும் கால்கள் இருக்கின்றன. இரவு எத்தனை மணியானாலும் நான் விழித்திருப்பேன், நீ அழைக்கலாம்.

அன்புடன்,
அப்பா