பச்சைப் பெடியனும் ஊரும்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்துக் கொஞ்ச நாளாகிவிட்டது. காலபோக வெட்டு முடியட்டும் என்று பதிலைத் தள்ளிப்போட்டேன். விளைச்சல் பரவாயில்லை. காட்டோரத் துண்டுக்குள் யானை இறங்கி உழக்கிவிட்டது, மற்றது தப்பியது. அம்மா சுகம், உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னா.

ஊர் அப்படியே இருக்கிறதா என்று கேட்டிருந்தாய். பதில் எழுத உட்கார்ந்தால் ஒரு கார்ட்டூன்தான் நினைவுக்கு வருகிறது. சிரிக்காதே.

சின்னவன் போனில் ‘டீன் டைட்டன்ஸ்’ பார்க்கிறான். 2003 இல் தொடங்கி 2006 இல் முடிந்த தொடர். எட்டிப் பார்க்கப் போய் நானும் அதற்குள் விழுந்துவிட்டேன். அதில் பீஸ்ட் பாய் என்று ஒரு பெடியன். எலி, சிறுத்தை, திமிங்கிலம், டைனோசர் என்று எந்த மிருகமாகவும் மாறுவான். ஆனால் எதுவானாலும் நிறம் பச்சைதான். யானையும் பச்சை, ஈயும் பச்சை. பாவம், ஒளிக்கவே முடியாது. மார்கழியில் எங்கள் காட்டுக்குள் விட்டால் ஒருவேளை தப்புவான்.

ஆள் பழையவன். ஆர்னல்ட் ட்ரேக்கும் பாப் பிரவுனும் 1965 இல் ‘டூம் பேட்ரோல்’ சித்திரக்கதையில் அறிமுகப்படுத்தினார்கள். சின்ன வயதில் ஆபிரிக்காவில் கொடிய நோய் வந்து, விஞ்ஞானியான தகப்பன் செய்த வைத்தியத்தில் பிழைக்கிறான். நிறமும் சக்தியும் அதனால் வந்தவை. பிறகு தாயும் தகப்பனும் படகு விபத்தில் போய்விடுகிறார்கள். தொடரில் அவன் பெரும்பாலும் பகிடிக்காரன்.

இறைச்சி தொடமாட்டான். தான் உருவெடுத்த மிருகங்களை எப்படித் தின்பது என்று கேட்கிறான். கூட்டாளி சைபோர்க் இறைச்சிப் பிரியன், அதனால் காலைச் சாப்பாட்டிலேயே சண்டை. இதைப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டிலும் ஒருவர் பன்றி வத்தல் கறியை ஒதுக்கிவைத்தார். அப்பாவுக்கு வந்த கோபத்தை நீயே நினைத்துப்பார்.

ஆனால் என்னைப் பிடித்தது டெராவின் கதை. பாறையை அசைக்கிற பெட்டை, இவனுக்கு அவள்மேல் விருப்பம். அவள் எதிரியோடு சேர்ந்து இவர்களைக் காட்டிக்கொடுத்து, கடைசியில் எரிமலையை அடக்கி நகரைக் காப்பாற்றிக் கல்லாகிவிடுகிறாள். தொடரின் கடைசி அத்தியாயத்தில் அந்தக் கல்லைக் காணவில்லை. பள்ளிக்கூடச் சீருடையில் அவளைப் போலவே ஒருத்தி நடந்து போகிறாள். இவன் பின்னாலேயே போய், பழைய இடங்களைக் காட்டி, நினைவில்லையா என்று கெஞ்சுகிறான். அவள் தன்னை விட்டுவிடச் சொல்கிறாள். அவள்தான் டெராவா என்று தொடர் கடைசிவரை சொல்லவில்லை. நொடிக்கு ஒரு உருவம் எடுக்கிறவனுக்கு, அவள் வேறொருத்தி ஆனதை மட்டும் பொறுக்க முடியவில்லை.

யுத்தத்தில் காணாமல் போன பிள்ளைகளின் படத்தோடு இருக்கிற அம்மாமாரைக் கண்டுகொண்டு போகிறவன் நான். பீஸ்ட் பாய்க்காவது எதிரே ஒருத்தி நின்று பதில் சொன்னாள்.

இதே ஆட்களை வைத்து 2013 இல் வந்த ‘டீன் டைட்டன்ஸ் கோ’ என்ற தொடரும் இருக்கிறது. சின்னவனுக்கு உயிர். எனக்கு வேண்டாம், பீஸ்ட் பாயை வெறும் கோமாளியாக்கிவிட்டார்கள்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். யாழ்ப்பாணம் போகிற ஏ9 இப்போது காப்பெட் வீதி. கிளிநொச்சிக்கு 2013 இலிருந்து மறுபடி ரயில் ஓடுகிறது. நாங்கள் படித்த கொட்டில் இருந்த இடத்தில் மாடிக் கட்டடம். சந்தியில் நின்று நீ பேர் சொன்னால் ‘எந்த வீட்டு ஆள்?’ என்று கேட்பார்கள், கோபிக்காதே. எனக்கும் முன்பக்கம் முழுக்க வழுக்கை. முறிகண்டிப் பிள்ளையாரடியில் மட்டும் இப்போதும் வாகனத்தை நிறுத்திக் கும்பிட்டு, கச்சான் வாங்கிக்கொண்டுதான் போகிறோம்.

வைகாசியில் வா. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போகலாம், பாலைப்பழமும் பழுக்கத் தொடங்கியிருக்கும். டிக்கெட் போட்டதும் எழுது, ஸ்டேசனுக்கு மோட்டார் சைக்கிளில் வருகிறேன். பெரிய சூட்கேஸ் கொண்டு வராதே.

அன்புடன்,
உன் மச்சான்