கூட்டிய வட்டியைத் திரும்பக் கேட்பது குறித்து, நகரி நண்பனுக்கு

கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம், கேரளம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தங்கைக்கு முழங்கால் வலி குறைந்து நடமாடத் தொடங்கியிருப்பது அறிந்து வீட்டில் அனைவருக்கும் மகிழ்ச்சி. விசைத்தறிக் கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டே போவதையும், கிளையில் போய்க் கேட்டால் "எல்லாருக்கும்தான் கூடியிருக்கிறது" என்று சொல்லி அனுப்பிவிடுவதையும் எழுதியிருந்தாய். தம்பியின் வீட்டுக் கடனுக்காக நாங்கள் போய்க் கேட்டபோது கிடைத்த பதிலும் இதுவே. அந்த விவகாரம் இப்போது ஒரு முடிவுக்கு வந்துவிட்டதால், அதில் நான் கற்றுக்கொண்டது உனக்குப் பயன்படும் என்று விரிவாகவே எழுதுகிறேன்.

இளநீர் வியாபாரத்தில் சேர்த்ததோடு வங்கியில் 15 லட்சம் கடன் வாங்கித்தான் தம்பி வடகரப்பதியில் வீடு கட்டினான் என்பது உனக்குத் தெரியும். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில், 20 ஆண்டுக் கெடுவில், 7 விழுக்காடு மாறும் வட்டிக்கு வாங்கினான். மற்ற வங்கிகளுக்குக் கொடுக்கும் குறுகிய காலக் கடனுக்கு ரிசர்வ் வங்கி வாங்கும் வட்டியான ரெப்போ விகிதம் அப்போது 4 விழுக்காடு. அதன்மேல் வங்கி தன் பங்காகச் சேர்த்தது 3 விழுக்காடு. மாதத் தவணை ஏறத்தாழ 11,630 ரூபாய். அந்த ஆண்டு மே மாதத்தில் ஏறத் தொடங்கிய ரெப்போ, 2023 பிப்ரவரிக்குள் 6.50 ஆயிற்று. வட்டி 9.5 விழுக்காடு ஆனபோதும் வங்கி தவணையைத் தொடவில்லை. 15 லட்சத்துக்கு அந்த விகிதத்தில் ஒரு மாத வட்டியே 11,875 ரூபாய் என்று கணக்கிட்டுப் பார். ஓராண்டு கட்டி முடித்தபின் நின்ற அசலுக்கும் ஏறக்குறையத் தவணை முழுவதும் வட்டியாகவே போயிற்று. தவணை கூடவில்லை, ஆகவே தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தம்பி நிம்மதியாக இருந்த மாதங்களில்தான் அவனுடைய கடனின் ஆயுள் ஓசைப்படாமல் நீண்டுகொண்டிருந்தது.

இதுவரை நடந்ததில் வட்டி ஏறியது அநியாயமன்று. ரெப்போ ஏறினால் வட்டி ஏறும் என்று ஒப்புக்கொண்டுதான் கையெழுத்திட்டான். ஆனால் கணக்கு அறிக்கையை வாங்கி மாதவாரியாகப் பார்த்தபோது, 2023ஆம் ஆண்டின் நடுவில், ரெப்போ அசையாமல் 6.50இல் நின்றிருந்த காலத்தில், வட்டி மட்டும் 10 விழுக்காடாகியிருந்தது தெரிந்தது. அதாவது வங்கி தன்னுடைய 3 விழுக்காட்டை மூன்றரையாக ஆக்கிக்கொண்டிருக்கிறது. 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் தரும் புதிய வீட்டுக் கடன்களும் சிறு, குறுந்தொழில் கடன்களும் மாறும் வட்டியாக இருந்தால் அவை ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைக்கப்பட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்தது. அதே உத்தரவில், கடன் வாங்கியவரின் திருப்பிக் கட்டும் நாணயம் குறித்த மதிப்பீடு பெரிதும் மாறினாலொழிய அதற்கான பங்கை வங்கி மாற்றக்கூடாது என்றும், நிர்வாகச் செலவு முதலான மற்றப் பங்குகளை மூன்றாண்டுக்கு ஒரு முறை மட்டுமே மாற்றலாம் என்றும் சொல்லியிருந்தது. தம்பி ஒரு தவணையும் தவறியவனல்லன். கடன் வாங்கி அப்போது மூன்றாண்டும் ஆகவில்லை. போதாக்குறைக்கு, 2025 பிப்ரவரியில் ரெப்போ குறையத் தொடங்கியபோது, மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது வட்டியைத் திருத்த வேண்டும் என்ற விதியிருந்தும், அவன் கணக்கில் குறைப்பு வந்து சேர்ந்தது செப்டம்பரில்தான்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் உன் கடிதத்தில் "இவ்வளவு வட்டி நியாயமா?" என்றே திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறாய். அந்தக் கேள்வியோடு போனால் எந்தக் கதவும் திறக்காது. வங்கி வாங்கும் வட்டி மிகையானது என்ற ஒரே காரணத்துக்காக நீதிமன்றம் ஒரு கடன் கணக்கைத் திறந்து பார்க்கக்கூடாது என்று 1949ஆம் ஆண்டின் வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 21ஏ பிரிவு தடுக்கிறது. ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரும் வங்கியின் வணிக முடிவுகளைப் பற்றிய புகாரை ஏற்கமாட்டார். ஆகவே வட்டி அதிகம் என்று சொல்லாதே. நீங்கள் கையெழுத்திட்ட பத்திரத்தில் இருப்பது இது, ரிசர்வ் வங்கியின் உத்தரவு இது, என் கணக்கில் நீங்கள் செய்திருப்பது இது, ஆகையால் இந்தத் தேதியிலிருந்து வாங்கிய மிகுதியைத் திருப்பித் தாருங்கள் என்று சொல். நம் கோபத்துக்கு இது சிறிய வாசலாகத் தோன்றலாம், ஆனால் உள்ளே போக முடிகிற வாசல் இது ஒன்றுதான்.

பத்திரத்தைப் பெறுவதே எங்களுக்குப் பெரும்பாடாயிற்று. இந்தப் பகுதியில் வீட்டிலும் சந்தையிலும் தமிழ்தான். அரசாங்க அலுவலகத்துக்குத் தமிழில் எழுதும் உரிமையைக் கேரளச் சட்டமே நமக்குத் தந்திருக்கிறது. வங்கியிலோ ஒப்பந்தம் ஆங்கிலத்தில், அறிவிப்பு மலையாளத்தில். தம்பியைப் போன்றவர்கள் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள், நகலும் கேட்பதில்லை. உங்கள் நகரியிலும் தெலுங்கு அறிவிப்பை வைத்துக்கொண்டு தறிக்காரர்கள் படும்பாடு இதுதான் என்று நினைக்கிறேன். எல்லைப்புறத்து மக்களிடம் வங்கிகள் காட்ட வேண்டிய முதல் மரியாதை, அவர்கள் படிக்கக்கூடிய மொழியில் அந்த ஒரு பக்கத்தையாவது தருவதுதான் என்பது என் உறுதியான எண்ணம். எழுத்து மூலம் கேட்டு, ஒப்புகை முத்திரை பெற்று, பின்னும் நினைவூட்டிய பிறகுதான் ஒப்பந்தத்தின் நகல், சாங்ஷன் லெட்டர் என்னும் கடன் அனுமதிக் கடிதம், வட்டி எந்தெந்தத் தேதியில் ஏன் மாறியது என்ற பட்டியல் ஆகிய மூன்றும் கைக்கு வந்தன.

வங்கியின் முதல் பதில் "கொள்கை முடிவு" என்ற இரண்டே சொற்களில் முடிந்தது. புகாரை நிராகரிக்குமுன் வங்கி தன்னுடைய உள் குறைதீர்ப்பாளரிடம் அதை வைக்க வேண்டும் என்பதை எடுத்துக்காட்டி மறுபடியும் எழுதினோம், பலனில்லை. வங்கி மறுத்துவிட்டாலோ, 30 நாளில் பதில் தராவிட்டாலோ, அப்போது நடப்பிலிருந்த 2021ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்புத் திட்டத்தின்படி ரிசர்வ் வங்கியிடம் போக முடிந்தது. மறுப்பு வந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டியிருந்தது. கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் தேவையில்லை. தபாலில் அனுப்பும் புகார்கள் சண்டிகரில் உள்ள மையத்துக்குப் போகின்றன. அங்கே எந்த மொழியில் எழுதினாலும் ஏற்கிறார்கள். ஆகவே தம்பி பெயரில் நான் தமிழிலேயே எழுதி, கணக்கைத் தனித்தாளில் போட்டு இணைத்து அனுப்பினேன். குறைதீர்ப்பாளர் அலுவலகம் விளக்கம் கேட்ட பிறகு வங்கியே இறங்கி வந்து, தன் பங்கை மீண்டும் 3 விழுக்காடாக்கி, மிகுதியாக வாங்கியதைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது.

அப்போதும் ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டியிருந்தது. மிகுதியாகப் பிடித்த தொகையை மட்டும் கூட்டி, அன்றைய தேதியில் கணக்கில் வரவு வைக்கவே வங்கி முனைந்தது. ஆனால் அந்தந்த மாதத்தில் அது அசலில் கழிந்திருந்தால் அடுத்தடுத்த மாதங்களின் வட்டியும் குறைந்திருக்கும் அல்லவா? ஆகையால் 2023இல் தவறு தொடங்கிய நாளுக்குப் பின்தேதியிட்டுக் கணக்கு முழுவதையும் மறுபடி போட வேண்டும் என்று வற்புறுத்தினோம். அப்படிப் போட்டதில் 20,000 ரூபாய்க்குச் சற்று மேல் அசலில் கழிந்தது. கடனின் கெடுவும் சுருங்கியது. கெடுவை நீட்டியபோது தம்பியைக் கேட்கவில்லை என்பதற்கு நஷ்டஈடு கோரியது மட்டும் கிடைக்கவில்லை. தவணையைக் கூட்டுவதா, கெடுவை நீட்டுவதா, இரண்டும் கலந்தா என்று கடன் வாங்கியவரையே தேர்ந்தெடுக்க விட வேண்டும் என்ற உத்தரவு 2023 ஆகஸ்ட் 18இல்தான் வந்தது. அவனுடைய கெடு நீண்டது அதற்கு முன்பே.

இத்தகைய பணம் திரும்பி வருவது நடக்காத காரியம் என்று உன் மகன் சொல்வதாக எழுதியிருந்தாய். கொரோனாக் காலத்தில் தவணையைத் தள்ளிவைத்தபோது வட்டிக்கு வாங்கிய வட்டியைத் திருப்பித் தரவோ அடுத்த தவணையில் கழிக்கவோ வேண்டும் என்று 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. பணத்தைக் கையில் கொடுக்கும் முன்பே, கடன் அனுமதித்த நாளிலிருந்து வட்டி போட்ட நிறுவனங்களை அந்த மிகுதியைத் திருப்பித் தரச் சொன்னதாக 2024 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி அறிவித்தது. 2017இல் ஜனக் ராஜ் தலைமையில் ரிசர்வ் வங்கி அமைத்த ஆய்வுக் குழு, வங்கிகள் தங்கள் அடிப்படை வட்டியைக் கணக்கிடுவதில் மனம்போனபடி மாற்றங்கள் செய்திருப்பதைக் கண்டு எழுதிய பிறகுதான் வெளி அளவுகோல் முறையே வந்தது. ஆகவே கேட்பவன் தனியாள் என்று அவன் எண்ண வேண்டாம்.

இனி உன் கடன். 2019 அக்டோபருக்குப் பிறகு வங்கியில் வாங்கிய குறுந்தொழில் கடன் என்றால் தம்பிக்குப் பொருந்திய விதி உனக்கும் பொருந்தும். அதற்கு முந்தியதாக இருந்து வங்கி தன் நிதிச் செலவை வைத்துத் தானே அடிப்படை வட்டியைக் கணக்கிடும் எம்.சி.எல்.ஆர். முறையில் ஓடினால், பத்திரத்தில் குறித்த திருத்தத் தேதி வரும்வரை வட்டி மாறாமல் நிற்பது தவறாகாது. அந்தத் தேதியில் திருத்தினார்களா என்பதையே பார்க்க வேண்டும். வங்கியல்லாத நிதி நிறுவனத்தில் வாங்கியதாக இருந்தால் வெளி அளவுகோல் விதி அதற்குக் கிடையாது. ஒப்பந்தத்தின் வாசகம்தான் துணை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டாண்டுக் கெடு உண்டு, ஆனால் தொழிற்கடன் என்றால் நீ நுகர்வோரே அல்ல என்று வங்கி வாதிடும். அங்கே வழக்கு நடக்கும்போது குறைதீர்ப்பாளர் அதே புகாரை எடுக்கமாட்டார் என்பதால், முதலில் கட்டணமில்லாத வழியையே பிடி.

சாங்ஷன் லெட்டரின் எல்லாப் பக்கங்களையும், கடன் தொடங்கிய நாளிலிருந்து கணக்கு அறிக்கையையும் நகலெடுத்து எனக்கு அனுப்பிவை. அன்றாடத் தொழில் செலவுக்கான கேஷ் கிரெடிட் கடன் தனியாக இருந்தால் அதன் புதுப்பிப்புக் கடிதங்களையும் சேர்த்துவிடு. ஆண்டுதோறும் புதுப்பிக்கும்போது வட்டிப் பங்கை மாற்றி எழுதியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். வந்ததும் மாதவாரிக் கணக்கை நான் போட்டு, வங்கிக்கு எழுத வேண்டிய கடிதத்தின் வரைவோடு திருப்பி அனுப்புகிறேன்.

தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

உன் அன்புத் தோழன்