சாரதி இல்லாத காருக்கு முன் எங்கள் பஸ்ஸுக்கு வர வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

தானாக ஓடும் கார்கள் பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை வாசித்தேன். இன்னும் பத்து வருடத்தில் இலங்கையிலும் சாரதிகள் தேவைப்படமாட்டார்கள், வீதி விபத்துகளும் ஒழிந்துவிடும் என்று எழுதியிருந்தீர்கள். தலவாக்கலையிலிருந்து தினமும் பஸ்ஸில் பாடசாலைக்குப் போய்வரும் ஆசிரியை நான். அந்த நம்பிக்கை எங்கள் வீதிகளுக்கு எவ்வளவு பொருந்தும் என்று எழுத வேண்டும் போலிருந்தது.

அந்தத் தொழில்நுட்பத்தின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. 2004இல் அமெரிக்கப் பாலைவனத்தில் தானாக ஓடும் வாகனங்களுக்கு நடந்த முதல் போட்டியில் எந்த வாகனமும் எட்டு மைலைக்கூட எட்டவில்லை. இன்று, கூகுள் 2009இல் தொடங்கிய முயற்சியில் பிறந்த வேமோ கார்கள் பீனிக்ஸ், சான் பிரான்சிஸ்கோ போன்ற நகரங்களில் சாரதி ஆசனத்தில் யாருமில்லாமல் பயணிகளை ஏற்றி இறக்குகின்றன. உலகில் வருடத்துக்குப் பன்னிரண்டு லட்சம் பேரளவில் வீதி விபத்துகளில் சாகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தூங்காத, குடிக்காத, போன் பார்க்காத சாரதி கிடைத்தால் யார் வேண்டாம் என்பார்கள்?

ஆனால் அவை எங்கே ஓடுகின்றன என்பதையும் பார்க்க வேண்டும். முன்கூட்டியே நுணுக்கமாக அளந்து வரைபடம் எடுத்த வீதிகளில், நிறுவனம் குறித்த எல்லைக்குள் மட்டும் ஓடுகின்றன. கார் குழம்பி நின்றால், தூரத்தில் இருக்கும் பணியாளர் இணையம் வழியாக வழி சொல்கிறார். ஜெர்மனியில் 2021இல் மெர்சிடிஸ் காருக்குக் கிடைத்த அனுமதியும் நெடுஞ்சாலையில், மணிக்கு 60 கிலோமீற்றர் வரை, வானிலை சரியாக இருந்தால் மட்டும்தான். பிறகு வேகத்தைக் கூட்டினார்கள், நெடுஞ்சாலை என்ற நிபந்தனை மாறவில்லை.

சரி, கினிகத்தேனையிலிருந்து ஹட்டன் வழியாக நுவரெலியாவுக்கு வாருங்கள். பனிமூட்டம் இறங்கினால் முன்னால் போகிற லொறியின் சிவப்பு விளக்குக்கூடத் தெரியாது. பகலிலும் லைட்டைப் போட்டு ஓட்டுங்கள் என்று பொலிஸார் அடிக்கடி அறிவிக்கிறார்கள். இந்தக் கார்களின் லைடார் கருவி லேசர் ஒளியை அனுப்பி, அது பட்டுத் திரும்புவதை வைத்துத் தூரத்தை அளக்கிறது. அடர்ந்த பனியில் அந்த ஒளி நீர்த்துளிகளில் பட்டுச் சிதறிவிடும். கமெராவுக்கும் நம் கண்ணுக்குத் தெரிகிற வெள்ளைதான் தெரியும். ரேடார் பனியை ஊடுருவும், ஆனால் எதிரில் ஏதோ இருக்கிறது என்று சொல்கிற அளவுக்கு அது என்ன என்று தெளிவாகச் சொல்லாது. வரைபடத்தையும் நம்ப முடியாது. 2025 நவம்பரில் டித்வா புயலின்போது எத்தனை வீதிகள் மண்சரிவில் போயின என்று உங்கள் பத்திரிகையே பக்கம் பக்கமாகப் போட்டதே.

தோட்டப் பாதைகள் இன்னொரு கதை. ஒரு வாகனம் மட்டும் போகக்கூடிய வளைவில் பஸ்ஸும் கொழுந்து லொறியும் எதிரெதிரே வந்து நிற்கும். ஹோர்ன் ஒன்று, கையசைப்பு ஒன்று, மேலே ஏறி வருகிறவருக்கு வழி என்று யாரும் சொல்லாமலே முடிவாகிவிடும். கொண்டக்டர் இறங்கி, பின் சக்கரம் வடிகானில் விழாமல் பார்த்து, பஸ்ஸின் பக்கவாட்டில் தட்டித் தட்டி ரிவர்ஸ் எடுக்க வைப்பார். மாலையில் கொழுந்து நிறுத்து முடிந்து பெண்கள் நடைபாதை இல்லாத வீதியில் வரிசையாக லயத்துக்குத் திரும்புகிற நேரம் எது என்பதும் எங்கள் சாரதிகளுக்கு அத்துபடி.

இந்த இடத்தில் 2018 மார்ச்சில் அமெரிக்காவின் டெம்பி நகரில் நடந்தது எனக்கு நினைவுக்கு வருகிறது. ஊபர் நிறுவனம் சோதனை ஓட்டம் விட்ட கார், இரவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீதியைக் கடந்த பெண்ணை மோதிக் கொன்றது. மோதுவதற்கு 5.6 வினாடி முன்பே கருவி அவரைக் கண்டுவிட்டது. ஆனால் வாகனமா, சைக்கிளா, வேறு ஏதாவதா என்று மாறி மாறிக் கணித்ததே தவிர, கடைசிவரை ஒரு மனுஷி என்று அறியவில்லை. கடவைக் கோடு இல்லாத இடத்தில் ஆள் குறுக்கே வருவார் என்பதே அதன் கணக்கில் இருக்கவில்லை என்று விசாரணை சொன்னது. எங்கள் வீதிகளில் கடவைக் கோடு எத்தனை இடத்தில் இருக்கிறது? கூடையும் படங்குமாக, கொழுந்து மூட்டையைத் தலையில் சுமந்து குனிந்து வருகிற அம்மாவை அந்தக் கருவி என்னவென்று எடுத்துக்கொள்ளும்? அவர் என் மாணவி ஒருத்தியின் தாயாக இருப்பார்.

அப்படியானால் எங்களுக்கு இதில் எதுவுமே இல்லையா? இருக்கிறது. முழுதாகத் தானே ஓடும் காருக்காகக் கண்டுபிடித்த சில பாகங்கள் தனித்தனியாகவே நன்றாக வேலை செய்கின்றன. முன்னால் தடை வந்தால் தானாகப் பிரேக் பிடிக்கும் கருவி, ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015 முதல் புதிய கனரக லொறிகளுக்கும் நெடுந்தூரப் பஸ்களுக்கும் கட்டாயம். சாரதி கண் அயர்ந்தால் எச்சரிக்கும் கருவி 2024 முதல் புதிய வாகனங்கள் எல்லாவற்றுக்கும் கட்டாயம். இவற்றுக்கு வரைபடமும் வேண்டாம், இணையமும் வேண்டாம். பனியில் கமெரா தடுமாறினாலும் வண்டி சாரதியின் கையில்தான் இருக்கும்.

2025 மே 11ஆம் திகதி கொத்மலை கெரண்டிஎல்லையில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல - வெல்லவாய வீதியில் பதினைந்து பேர். அவற்றின் காரணத்தைத் தீர்ப்பது என் வேலையல்ல. ஆனால் தூக்கமும் தேய்ந்த பிரேக்கும் இந்த மலையில் உயிர் குடிப்பவை என்பது பஸ்ஸில் போகிற எல்லோருக்கும் தெரியும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடேறிப் பிடிமானத்தை இழக்கும். அந்த நேரம் மிதிப்பது மனிதனா கணினியா என்பதால் எந்த வித்தியாசமும் வராது. இஞ்ஜினைக் கொண்டே வேகத்தைக் குறைக்கும் துணைப் பிரேக் மலைநாட்டுப் பஸ் ஒவ்வொன்றிலும் வேலை செய்யும் நிலையில் இருக்க வேண்டும். வளைவுகளில் பஸ்ஸைத் தாங்கக்கூடிய பலமான வேலியும் வேண்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை புதிய பஸ்கள் இறக்குமதி பற்றிச் செய்தி போடும்போது, இந்தத் தானியங்கிப் பிரேக்கும் தூக்க எச்சரிக்கையும் துணைப் பிரேக்கும் அவற்றில் இருக்கின்றனவா என்று அதிகாரிகளிடம் கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதிலையும் அப்படியே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஆசிரியை ஒருவர்,
தலவாக்கலை.