மீதி மாத்திரையை எண்ணிப் பாருங்கள்

ஈரோடு, திருப்பூர் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்களுக்கும், மருந்தாளுநர்களுக்கும், வீடு தேடி மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர் அக்காக்களுக்கும் வணக்கமுங்க.

2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வந்த பிறகு, சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. பெரிய உதவி, இல்லையென்று சொல்லவே மாட்டேன். ஆனால் வந்த மாத்திரை வயிற்றுக்குள் போகிறதா என்று யார் பார்க்கிறார்கள்? மகனும் மகளும் பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூரில் தங்கிவிட, ஆடு மாட்டோடு தோட்டத்துச் சாளையில் ஒண்டியாக இருக்கும் ஓர் ஆத்தாவிடம் "மாத்திரையெல்லாம் ஒழுங்கா சாப்பிடறீங்களா?" என்று கேட்டால் "சாப்பிடறனுங்க" என்றுதான் பதில் வரும். டாக்டர் சத்தம் போடுவாரோ என்ற பயம்.

எங்கள் அம்மாவும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய மஞ்சப்பையைக் கொட்டிப் பார்த்தால் ராத்திரி போட வேண்டிய மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை பட்டை பட்டையாகப் பிரிக்காமல் கிடக்கிறது. ஏனுங்கம்மா என்றால், "அதைப் போட்டா வயித்தால போகுது, நடுராத்திரி இருட்டுல பூச்சி பொட்டுக்குள்ள வெளிய எப்படிப் போறது?" என்கிறார். நியாயமான காரணம். மெட்ஃபார்மின் சிலருக்கு வயிற்றைக் கலக்கும், சாப்பாட்டோடு போட்டாலோ, மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றினாலோ பலருக்குச் சரியாகிவிடும். இவ்வளவுதான் விஷயம், ஆனால் அதைச் சொல்ல ஒரு வாய்ப்பு வேண்டுமே.

இதில் ஆபத்தும் இருக்கிறது. போடாத மாத்திரையைப் போட்டதாக நினைத்து, சுகர் குறையவில்லையே என்று நீங்கள் சுகரை இன்னும் இறக்கும் கிளிமிபிரைடு மாத்திரையைச் சேர்க்கிறீர்கள், இல்லையென்றால் அளவைக் கூட்டுகிறீர்கள். திடீரென்று ஒரு நாள் பெரியவர் எல்லாவற்றையும் ஒழுங்காகப் போட்டுவிட்டு, அமாவாசை விரதமென்று காலையில் சாப்பிடாமல் இருந்தால் என்ன ஆகும்? சுகர் ரொம்பக் குறைந்து, கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, மயங்கி விழுவார். கிட்னி பழுதுபட்ட வயசாளிகளுக்கு இது இன்னும் மோசம். அப்படி ஒரு தடவை விழுந்து எழுந்தவர் அப்புறம் மாத்திரைப் பையைத் தொடவே யோசிப்பார். புரட்டாசி சனிக்கிழமை ஒரு பொழுது இருக்கிறவர்கள் எங்கள் பக்கம் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். விரதத்தன்று எந்த மாத்திரையை என்ன செய்வது என்று முன்னாடியே சொல்லிவிடுங்கள்.

அதனால்தான் கேட்கிறேன், அடுத்த மாதத்து மாத்திரையைக் கொடுக்கும் முன் பழைய பையை வாங்கி மீதியை எண்ணிப் பாருங்கள். திட்ட வேண்டாம். "எந்த மாத்திரைங்க ஒத்துக்கல?" என்று கேளுங்கள், அவர்களே சொல்லிவிடுவார்கள். டாக்டர்கள் அந்தக் கணக்கைப் பார்க்காமல் அளவைக் கூட்டாதீர்கள்.

இன்னொன்று, பட்டையை வெட்டிக் கொடுக்கும்போது பேரும் காலாவதித் தேதியும் போய்விடுகின்றன, போன மாதம் வெள்ளையாக இருந்த பட்டை இந்த மாதம் வேறு நிறத்தில் வந்தால் பழையதையும் புதியதையும் சேர்த்துப் போடுகிறவர்களும் உண்டு. கவர் மேல் காலைக்குச் சூரியனும் ராத்திரிக்கு நிலாவும் ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாகப் போட்டுக் கொடுங்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியும்.