கொலைக்கான காரணத்தை முடிவு செய்வது யார்?

ஆசிரியருக்கு,

வீட்டுக்குள் இரட்டைக் கொலை என்று செய்தி வந்தால் போதும், மறுநாளே ‘கள்ளக்காதலா, சொத்துத் தகராறா?’ என்று தலைப்புப் போட்டுவிடுகிறார்கள். 2008 மே மாதம் நொய்டாவில் நடந்ததை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை போலும். பள்ளிச் சிறுமி படுக்கையறையில் கொலையுண்டு கிடந்தாள். வேலையாளைக் காணோம். சரி, அவர்தான் கொலையாளி என்று போலீசார் தேடினார்கள், பரிசுத்தொகையும் அறிவித்தார்கள். மறுநாள் அதே வீட்டின் பூட்டிய மொட்டைமாடியில் அவர் பிணமாகக் கிடந்தார்!

அப்புறமாவது நிதானித்தார்களா? தந்தையைக் கைது செய்தபின் செய்தியாளர்களைச் சந்தித்த ஐ.ஜி., இறந்த சிறுமியையும் வேலையாளையும் இணைத்துப் பேசினார். அவள் பெயரையே தப்பாகச் சொன்னவர், கொலைக்கான காரணத்தை மட்டும் உறுதியாகச் சொன்னார். தொலைக்காட்சிகளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. 2013-ல் பெற்றோருக்கு ஆயுள் தண்டனை. 2017-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. செத்துப்போன இருவர்மீது பூசிய சேற்றை எந்தத் தீர்ப்பு கழுவும்?

காவல்துறையின் செய்தியாளர் சந்திப்புகளுக்கு நெறிமுறை வகுக்கும்படி 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மத்திய உள்துறைக்கு உத்தரவிட்டது. அது ஒருபுறம் இருக்கட்டும். ‘பரபரப்பு வாக்குமூலம்’ என்று நீங்கள் செய்தி போடும்போது, அது போலீசாரிடம் கொடுத்ததா, மாஜிஸ்திரேட் முன் கொடுத்ததா என்பதையும் சேர்த்துப் போடுங்கள். போலீசாரிடம் கொடுத்த ஒப்புதலை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்பதில்லை என்பது வாசகர்களில் பலருக்குத் தெரியாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தஞ்சாவூர்