கான் தோ போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அடுத்த மாதம் அலுவலக வேலையாக ஹோசிமின் நகரிலிருந்து கான் தோவுக்குப் போகிறாய் என்று அம்மா சொன்னாள். மீக்கோங் ஆறு பல கிளையாகப் பிரிந்து கடலில் விழும் பூமி அது. வியட்நாமின் நெல்லில் பாதிக்குமேல் அங்கேதான் விளைகிறது. அரிசிக் கிடங்கில் வேலை பார்த்து உன்னை வளர்த்தவன் நான். நீ அங்கே போகும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்கு இந்தியா தடை போட்டது ஞாபகம் இருக்கிறதா? இங்கே சிங்கப்பூரில், தேக்காவில் சனம் கடை கடையாக ஏறி இறங்கி மூட்டை மூட்டையாக வாங்கியது. ஆகஸ்ட் கடைசியில் சிங்கப்பூருக்கு விலக்கு என்று அறிவிப்பு வந்ததும் பேச்சு அடங்கிவிட்டது. இறக்குமதியாளர்கள் மாதம் கொண்டுவருவதைப் போல இரு மடங்கு அரிசியை இருப்பில் வைக்க வேண்டும் என்பது இங்கே விதி. நல்ல விதிதான். ஆனால் அந்த மூட்டைகளை அடுக்கியவன் சொல்கிறேன், இருப்பு நமக்குச் சில மாதம் அவகாசம் தரும், அவ்வளவுதான். நெல் விளையும் மண் கெட்டால் கிடங்கு என்ன செய்யும்?

மீக்கோங்கில் அந்தக் கேடு நடந்துகொண்டிருக்கிறது, கண்ணு. மேலே சீனாவிலும் லாவோஸிலும் கட்டிய அணைகள் வண்டலைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. கீழே கட்டுமானத்துக்காக ஆற்று மணலை அள்ளுகிறார்கள். படுகை பள்ளமாகிறது. நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்சத் தரையும் தாழ்கிறது. கோடையில் ஆற்றில் தண்ணீர் குறைந்ததும் கடல் உள்ளே ஏறுகிறது. 2016இலும் 2020இலும் உப்பு வெகுதூரம் ஏறிப் பயிரை அழித்தது. உப்பு பட்ட நெல்லைப் பார்த்திருக்கிறாயா? முதலில் இலை நுனி கருகும். பூக்கும் சமயத்தில் பட்டால் கதிர் வெளியே வரும், கையில் உருவினால் அத்தனையும் பதர்.

வேதாரண்யம் பக்கம் நம் சித்தப்பா வயலிலும் இதே கதிரை நான் உருவிப் பார்த்திருக்கிறேன். காவிரியிலும் கொள்ளிடத்திலும் மணல் போன கதை உனக்குத் தெரியும். 2018 ஆகஸ்ட்டில் முக்கொம்பு மேலணையின் மதகுகள் வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போனபோது, மணல் கொள்ளைதான் காரணம் என்று ஊரே குமுறியது.

நம் தீவும் மணல் வாங்கிக் கடலைத் தூர்த்து வளர்ந்த தீவு. 2007இல் இந்தோனேசியாவும் 2017இல் கம்போடியாவும் மணல் ஏற்றுமதியை நிறுத்தின. உணவிலோ 90 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. சோறும் மணலும் அடுத்தவர் ஆற்றிலிருந்து வரும்போது, அந்த ஆறு எக்கேடு கெட்டால் நமக்கென்ன என்று இங்கே யாரும் பேசுவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

முடிந்தால் அங்கே கடலோரத்தில் இருக்கும் சோக் ட்ராங் வரை போய் வா. அங்கே உப்பு ஏறும் மாதங்களில் இறால் வளர்த்து, மழை பிடித்ததும் உப்பைக் கழுவி வெளியேற்றி அதே வயலில் நெல் நடுகிறார்கள். எத்தனை மழைக்குப் பிறகு நாற்றை இறக்குகிறார்கள், மழை பிந்தினால் என்ன செய்கிறார்கள், எந்த விதை தாங்குகிறது என்று விவசாயிகளிடமே கேட்டு எழுது. சித்தப்பா சம்பாவுக்கு விதை எடுப்பதற்குள் அவரிடம் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
அப்பா