பரிசாகக் குத்துவாள் வாங்கப் போகிறவர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

வரலாற்றுப் பித்துப் பிடித்த நண்பருக்கோ தம்பிக்கோ பரிசளிக்க எங்களிடம் பழங்காலக் குத்துவாளின் பிரதி வாங்கிய சிலர், கொஞ்ச நாளில் எங்களைக் கூப்பிட்டு, "இது பேப்பரைக்கூட வெட்ட மாட்டேன் என்கிறதே" என்கிறார்கள். விசாரித்தால் பெரும்பாலும் அது ராண்டெல் வகையாக இருக்கும். பொருளில் பழுதில்லை. ராண்டெல் 14, 15ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் கவசம் பூட்டிய ஆளை எதிர்கொள்ளப் பிறந்த ஆயுதம். அக்குள், தலைக்கவசத்தின் கண்துளை என்று தகடு மூடாத இடமாகப் பார்த்துக் குத்த வேண்டும். அதனால் அலகு ஒடுக்கமாக, தடித்து, வளைந்து கொடுக்காமல் இருக்கும். பிடியின் இரு முனையிலும் உள்ள வட்டத் தகடுகள் கை வழுக்காமல் காக்கும்; மேல் தகட்டில் மறுகையை வைத்து அழுத்தவும் செய்யலாம். விளிம்பு தீட்டிய ராண்டெல்களும் உண்டு, ஆனாலும் முதல் வேலை குத்துவதுதான்.

ஆகவே எங்களிடம் கேட்கும்போது "அழகாக ஒன்று" என்று மட்டும் சொல்லாதீர்கள். வாங்கிக்கொள்பவருக்கு எந்தக் காலம் பிடிக்கும் என்று சொல்லுங்கள். ரோமானிய வரலாறு என்றால் பூகியோ: இலை போல அகன்று, நடுவில் தண்டு ஓடும் அலகு. சீசரைக் கொன்ற பிறகு, கி.மு. 42 வாக்கில் புரூட்டஸ் வெளியிட்ட வெள்ளிக் காசில் இரண்டு குத்துவாள்கள் இருக்கின்றன. அந்தக் காசின் பிரதியையும் சேர்த்துக் கொடுத்தால் பரிசு களைகட்டும்.

"வரலாற்றுக்கு அச்சு அசலாகப் பொருந்தும்" என்று யார் சொன்னாலும், எங்களையும் சேர்த்துத்தான், எந்தப் பழம்பொருளைப் பார்த்துச் செய்தது என்று கேளுங்கள். 1545இல் மூழ்கி, 1982இல் தூக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் மாலுமிகளின் குத்துவாள்கள் நிறையக் கிடைத்தன. மரப்பிடிகள் தப்பின, இரும்பு அலகுகள் பெரும்பாலும் கடலில் கரைந்துவிட்டன. எனவே "மேரி ரோஸ் பிரதி" என்று விற்கப்படுவதில் பிடிக்கு நேரான சான்று உண்டு, அலகுக்கு வேறு இடத்துச் சான்றைத்தான் தேட வேண்டும். நேர்மையான பட்டறை இதைத் தானாகவே சொல்லும். இதற்கு நேர்மாறான வேடிக்கையும் உண்டு. 16, 17ஆம் நூற்றாண்டுத் தென்னிந்தியக் கட்டாரிகள் பலவற்றில் ஐரோப்பிய வாள்களின் அலகை வெட்டி, ரிவெட் அடித்துப் பொருத்தியிருக்கிறார்கள். அப்படி ஒட்டுப்போட்டது போலத் தெரியும் பிரதியைப் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

சரி, உண்மையில் பயன்படுமா என்பதற்கு வருவோம். இங்கே கண்ணுக்குத் தெரியாத பகுதிதான் முக்கியம். அலகின் வால் பிடிக்குள் முழு நீளத்துக்கும் போய், மறுமுனையில் தட்டி இறுக்கப்பட்டிருக்க வேண்டும். சுவரில் மாட்டும் அலங்காரப் பொருள்களில் மெல்லிய கம்பியொன்றை அலகோடு வெல்டிங் வைத்து நட்டுப் போட்டிருப்பார்கள். அழுத்தினால் அந்த இடத்தில்தான் முறியும். அலகு, எண்ணெயில் குளிர்வித்துப் பதமேற்றிய கார்பன் ஸ்டீலாக இருக்கட்டும். பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் எங்களுக்கு உவப்பில்லை, அந்தக் காலத்தில் அது இருந்ததும் இல்லை. கையில் எடுத்தால் கனமாக இருப்பது தரம் என்று நினைப்பவர்கள் உண்டு. பழைய அலகுகள் நுனியை நோக்கித் தடிமன் குறைந்துகொண்டே போகும். அதைச் செய்யச் சோம்பல்பட்ட பிரதிதான் கனக்கும்.

பரிசு வாங்கிக்கொள்பவர் பழைய கத்திச்சண்டை பயில்பவர் என்றால் இன்னொரு எச்சரிக்கை. கூரான எஃகுக் குத்துவாளை இணைப் பயிற்சிக்குக் கொடுக்கவே கூடாது. அதற்கு ரப்பர் அல்லது மரப் பயிற்சிக் கருவி வாங்குங்கள். சேகரிப்பவருக்குத்தான் இது பரிசு.

இருபுறமும் கூருள்ள ஆயுதத்தை வைத்திருக்க, அனுப்ப, வெளியில் எடுத்துச் செல்ல இடத்துக்கு இடம் சட்டம் மாறும், வயது வரம்பும் உண்டு. வாங்கும் முன் உங்கள் இடத்துக்கும் அவர் இடத்துக்கும் விதிகளைப் பார்த்துவிடுங்கள். விமானத்தில் கைப்பையில் மட்டும் வேண்டாம்.

கார்பன் ஸ்டீலில் விரல்ரேகை பட்டாலே துரு பிடிக்கும். தொட்ட பிறகு துடைத்து, மெல்லிசாக எண்ணெய் தடவச் சொல்லுங்கள். தோல் உறை காட்சிக்கும் இடுப்புக்கும்தான். மாதக்கணக்கில் அதற்குள்ளேயே போட்டு வைத்தால் தோலில் உள்ள ஈரமும் பதனிட்ட ரசாயனமும் அலகைத் தின்னும். இந்தக் குறிப்பை ஒரு சீட்டில் அச்சிட்டு ஒவ்வொரு பெட்டியிலும் வைக்கிறோம், அப்புறம் யாரும் அதைப் படிப்பதில்லை. நீங்கள் வாயாலும் சொல்லிவிடுங்கள்.

பெயர் பொறித்துத் தரச் சொல்லி நிறையப் பேர் கேட்கிறார்கள். அலகில் செய்தால் பிரதியின் மதிப்பே போய்விடும்; பெட்டி மூடியின் உட்புறத்தில் பொறித்துத் தருகிறோம். ஆர்டர் அனுப்பும்போது பிடித்த காலம், வைத்துப் பார்ப்பதற்கா உடையோடு அணிவதற்கா, மூடியில் வர வேண்டிய வாசகம் ஆகிய மூன்றையும் எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
கடையிலிருந்து